தம்பி கழக்கூட்டத்தில், அக்கா ஜெர்மனியில்: யாரிடம் சொத்து அதிகம்?

ஒரு கற்பனைக் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சொந்த ஊர் மார்த்தாண்டம். தம்பிக்குத் திருவனந்தபுரம் கழக்கூட்டத்தில், டெக்னோபார்க்கில் வேலை. தினமும் குழித்துறையில் ரயில் ஏறி கழக்கூட்டத்தில் இறங்குகிறார். அக்கா கணவரோடு ஜெர்மனியில் இருக்கிறார். அங்கே வாடகை வீடு.

தம்பி வீட்டில் ஐந்து பேர்: அவர், மனைவி, ஒரு குழந்தை, அப்பா, அம்மா. 8 சென்ட் நிலத்தில் வீடு. அப்பா பெயரில் இருக்கிறது, மேல்மாடி எடுக்க வங்கிக் கடன் வாங்கியிருக்கிறார்கள். நிலமும் வீடும் சேர்ந்து சந்தை விலையில் 80 லட்சம் ரூபாய். நகை 10 லட்சம். பி.எஃப்., மியூச்சுவல் ஃபண்ட் எல்லாம் சேர்த்து 15 லட்சம். கட்ட வேண்டிய கடன் 25 லட்சம். கடனைக் கழித்தால் நிகர சொத்து 80 லட்சம் ரூபாய்.

அக்கா வீட்டில் இரண்டே பேர். நிலம் இல்லை, வீடு இல்லை, கடனும் இல்லை. வங்கிச் சேமிப்பும் பங்குகளுமாக 60,000 யூரோ. ஒரு யூரோவை 90 ரூபாய் என்று வைத்தால் 54 லட்சம் ரூபாய்.

"அக்கா, நீ யூரோல சம்பாதிக்கிற. உனக்கென்ன" என்கிறார் தம்பி. "என்கிட்ட ஒரு சென்ட் நிலம்கூட இல்லடா. பணக்காரன் நீதான்" என்கிறார் அக்கா.

ரெண்டு பேரில் யார் சொல்வது சரி? 80 லட்சம் பெரிதா, 54 லட்சம் பெரிதா என்று பார்த்தால் அக்கா சொல்வதுதான் சரி. ஆனால் கணக்குப் போடும் விதத்தைக் கொஞ்சம் மாற்றினால் விடை தலைகீழாகிவிடும். உலக நாடுகளின் 'குடும்பச் சொத்துப் பட்டியல்' வெளிவரும்போதெல்லாம் நடப்பதும் இதுதான். எந்த நாடு மேலே, எந்த நாடு கீழே என்பது சொத்தை மட்டும் பொறுத்ததல்ல, கணக்குப் போட்டவர் எடுத்த முடிவுகளையும் பொறுத்தது.

அந்த முடிவுகள் என்னென்ன? ஒரு பட்டியலைப் பார்த்ததும் நாம் கேட்க வேண்டிய கேள்விகள் எவை?

முதலில், சொத்து என்றால் எது?

வருமானம் வேறு, சொத்து வேறு. சம்பளம், வாடகை, வட்டி என்று ஒரு மாதத்திலோ ஆண்டிலோ வருவது வருமானம். ஒரு குறிப்பிட்ட தேதியில் ஒரு குடும்பத்தின் கையில் இருப்பதையெல்லாம் கூட்டி, அந்தத் தேதியில் உள்ள கடனைக் கழித்தால் வருவது நிகர சொத்து. நல்ல சம்பளம் வாங்கும் 25 வயதுக்காரரிடம் சொத்தே இல்லாமல் இருக்கலாம். ஓய்வுபெற்ற ஒருவரிடம் வருமானம் இல்லாமல் பெரிய வீடு இருக்கலாம்.

இதை அளக்க ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனி ஏற்பாடு இருக்கிறது.

இந்தியாவில் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் 'அகில இந்திய கடன், முதலீட்டு சர்வே'. சுமார் பத்தாண்டுகளுக்கு ஒருமுறை நடந்துவந்தது. கடைசியாக 2019-ல் நடந்தது, 2021 செப்டம்பரில் முடிவுகள் வெளியாயின. கிராமங்களில் 69,455 குடும்பங்களையும் நகரங்களில் 47,006 குடும்பங்களையும் சந்தித்தார்கள். சொத்து மதிப்பு 2018 ஜூன் 30 நிலவரப்படி கேட்கப்பட்டது.

அமெரிக்காவில் அந்நாட்டு மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை சர்வே எடுக்கிறது. பிரிட்டனில் தேசியப் புள்ளியியல் அலுவலகம் எடுக்கிறது. யூரோ நாடுகளில் ஐரோப்பிய மத்திய வங்கி ஒருங்கிணைக்கிறது. இவை தவிர, 2010-லிருந்து கிரெடிட் சூயிஸ் வங்கி வெளியிட்டு, இப்போது யுபிஎஸ் வங்கி தொடரும் உலகச் சொத்து அறிக்கை இருக்கிறது. 'சராசரி சுவிட்சர்லாந்துக்காரரிடம் இவ்வளவு, இந்தியரிடம் இவ்வளவு' என்று நமக்கு ஃபார்வர்டு ஆகிற படங்களில் பல, இந்த அறிக்கையிலிருந்து வருபவை.

2013-ல் ஐரோப்பாவைக் குழப்பிய பட்டியல்

இந்தக் கணக்கு எவ்வளவு சிக்கலானது என்பதற்கு ஒரு உண்மைக் கதை இருக்கிறது. 2013 ஏப்ரலில் ஐரோப்பிய மத்திய வங்கி தன் முதல் குடும்பச் சொத்து சர்வேயை வெளியிட்டது. வரிசையின் நடுவில் நிற்கும் குடும்பத்தின் நிகர சொத்து இப்படி இருந்தது:

• சைப்ரஸ்: 2,66,900 யூரோ
• ஸ்பெயின்: 1,82,700 யூரோ
• இத்தாலி: 1,73,500 யூரோ
• கிரீஸ்: 1,01,900 யூரோ
• ஜெர்மனி: 51,400 யூரோ

யூரோ மண்டலத்தின் பொருளாதார வல்லரசு ஜெர்மனி, பட்டியலின் அடியில். வெளியான நேரமும் அப்படி. அதற்கு முந்தைய மாதம்தான் திவாலாகும் நிலையில் இருந்த சைப்ரஸுக்கு 1,000 கோடி யூரோ மீட்பு நிதி கொடுக்க முடிவாகியிருந்தது. 'ஏழை ஜெர்மானியர் வரிப் பணத்தில் பணக்கார சைப்ரஸ்காரரைக் காப்பாற்றணுமா' என்ற கேள்வி சும்மா விடுமா?

எண்கள் பொய்யில்லை. ஆனால் எண்களுக்குப் பின்னால் சில விஷயங்கள் இருந்தன.

ஜெர்மனியில் 44 சதவீதக் குடும்பங்களுக்குத்தான் சொந்த வீடு, ஸ்பெயினில் 83 சதவீதம். ஜெர்மனியில் ஒரு குடும்பத்தில் சராசரியாக 2 பேர், சைப்ரஸில் சுமார் 2.8 பேர். ஸ்பெயினின் கணக்கு 2008-09 காலத்தது, வீட்டு விலைகள் முழுதாகச் சரியும் முன் எடுத்தது. ஜெர்மனியின் கணக்கு 2010-11. எல்லாவற்றுக்கும் மேலாக, ஜெர்மானியத் தொழிலாளி சம்பளத்திலிருந்து கட்டிச் சேர்த்திருக்கும் அரசு பென்ஷன் உரிமை இந்தச் சொத்துக் கணக்கிலேயே இல்லை.

பெல்ஜியப் பொருளாதார அறிஞர் பால் டி கிராவேயும் யூமெய் ஜியும் இன்னொன்றைச் சுட்டிக்காட்டினார்கள். ஜெர்மனியின் செல்வத்தில் பெரும் பகுதி குடும்பங்களிடம் இல்லை, நிறுவனங்களிடமும் அரசிடமும் இருக்கிறது. குடும்பங்களிடம் இருப்பதும் சமமாகப் பரவவில்லை. அதாவது நாடு பணக்கார நாடுதான், நடுவில் நிற்கும் குடும்பத்தின் கையில் இருப்பதுதான் குறைவு. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும்.

இந்த அனுபவத்திலிருந்து ஆறு கேள்விகளை எடுக்கலாம்.

கேள்வி 1: குடும்பத்துக்கா, ஆளுக்கா?

நம் தம்பி வீட்டின் 80 லட்சத்தை ஐந்து பேருக்குப் பிரித்தால் தலைக்கு 16 லட்சம். வயதுவந்தோரை மட்டும் எடுத்தால், நான்கு பேருக்கு ஆளுக்கு 20 லட்சம். அக்கா வீட்டில் எப்படிப் பிரித்தாலும் ஆளுக்கு 27 லட்சம். குடும்பக் கணக்கில் தம்பி முன்னால், ஆள் கணக்கில் அக்கா முன்னால்.

யுபிஎஸ் அறிக்கை வயதுவந்த ஒருவருக்கு எவ்வளவு என்று சொல்கிறது. இந்திய, அமெரிக்க, ஐரோப்பிய சர்வேக்கள் குடும்பத்துக்கு எவ்வளவு என்று சொல்கின்றன. இதைக் கவனிக்காமல் ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் என்ன ஆகும்? 2022-ல் அமெரிக்கச் சராசரி சொத்து யுபிஎஸ் கணக்கில் சுமார் 5.5 லட்சம் டாலர், ஃபெடரல் ரிசர்வ் கணக்கில் சுமார் 10.6 லட்சம் டாலர். ஒரே நாடு, ஒரே ஆண்டு, எண் மட்டும் ஏறக்குறைய இரட்டிப்பு. முதலாவது ஆளுக்கு, இரண்டாவது குடும்பத்துக்கு என்பதுதான் இந்த வித்தியாசத்துக்கு முக்கியக் காரணம்.

கூட்டுக் குடும்பங்கள் அதிகமுள்ள நாடுகள் குடும்பக் கணக்கில் கொஞ்சம் உயர்ந்து தெரியும். தனி ஆட்களும் தம்பதிகளும் அதிகமுள்ள நாடுகள் தாழ்ந்து தெரியும்.

இதில் இன்னொரு உள்விஷயமும் இருக்கிறது. மார்த்தாண்டத்து வீடு அப்பா பெயரில் உள்ளது. நாளை அது அக்காவுக்கும் பங்காக வரலாம். ஆனால் சர்வே, யார் யார் ஒரே வீட்டில் வாழ்கிறார்கள் என்று பார்த்து எழுதுவதால், முழு வீடும் தம்பி குடும்பத்தின் கணக்கில் போய் உட்கார்கிறது.

கேள்வி 2: சராசரியா, இடைநிலையா?

பத்து பேர் இருக்கும் அறைக்குள் ஒரு கோடீஸ்வரர் நுழைந்தால் அறையின் சராசரி சொத்து எகிறும். மற்ற பத்து பேரின் பையில் ஒரு ரூபாய்கூட ஏறியிருக்காது. அதனால்தான் மீடியன், அதாவது இடைநிலை அளவு தேவைப்படுகிறது. எல்லோரையும் சொத்து வரிசையில் நிறுத்தி, சரியாக நடுவில் நிற்பவரிடம் எவ்வளவு என்று பார்ப்பது.

யுபிஎஸ்ஸின் 2022-ம் ஆண்டுக் கணக்கில், வயதுவந்த ஒருவருக்கு, டாலரில்:

• அமெரிக்கா: சராசரி 5,51,350, இடைநிலை 1,07,740
• பெல்ஜியம்: சராசரி 3,52,814; இடைநிலை 2,49,940
• ஜெர்மனி: சராசரி 2,56,180, இடைநிலை 66,735
• சீனா: சராசரி 75,731, இடைநிலை 27,273
• இந்தியா: சராசரி 16,500, இடைநிலை 3,755

சராசரியில் அமெரிக்கர் பெல்ஜியக்காரரைவிடப் பெரிய பணக்காரர். நடுவில் நிற்பவரைப் பார்த்தால் பெல்ஜியக்காரரிடம் அமெரிக்கரைப்போல இரண்டு மடங்குக்கு மேல் இருக்கிறது.

சராசரியை இடைநிலையால் வகுத்துப் பாருங்கள். பெல்ஜியத்தில் 1.4 மடங்கு. இந்தியாவில் 4.4 மடங்கு. அமெரிக்காவில் 5.1 மடங்கு. இந்த விகிதம் பெரிதாகப் பெரிதாக, சொத்து மேலே உள்ள சிலரிடம் குவிந்திருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாட்டைப் பற்றி ஒரே ஒரு எண்தான் கிடைக்கும் என்றால் இடைநிலையைக் கேளுங்கள். ரெண்டும் கிடைத்தால் வகுத்துப் பாருங்கள்.

கேள்வி 3: எதையெல்லாம் சேர்த்தார்கள்?

இங்கேதான் நாடுகள் ஒன்றுக்கொன்று அதிகமாக வேறுபடுகின்றன. முக்கியமாக பென்ஷன்.

பிரிட்டன், நிறுவன பென்ஷன், தனியார் பென்ஷன் உரிமைகளையும் பண மதிப்பாக்கிச் சொத்தில் சேர்க்கிறது. 2018 ஏப்ரல் முதல் 2020 மார்ச் வரையிலான சர்வேயில் அங்கே நடுக் குடும்பத்தின் சொத்து 3,02,500 பவுண்டு. மொத்தக் குடும்பச் சொத்தில் பென்ஷன் மட்டும் 42 சதவீதம், வீடும் நிலமும் 36 சதவீதம். அமெரிக்க சர்வே, தனிநபர் பெயரில் சேரும் ஓய்வுக்காலக் கணக்குகளைச் சேர்க்கிறது. ஆனால் மாதாமாதம் வரப்போகும் பென்ஷன் உரிமையையும் அரசின் சோஷியல் செக்யூரிட்டியையும் சேர்ப்பதில்லை. ஆக, பிரிட்டனின் எண்ணை இன்னொரு நாட்டின் எண்ணோடு நேரடியாக வைத்து ஒப்பிட்டால் பிரிட்டன் உயர்ந்துதான் தெரியும்.

நம் அக்கா, தம்பிக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். ஜெர்மனியில் சம்பளத்தில் 18.6 சதவீதம் அரசு பென்ஷனுக்குப் போகிறது. பாதி தொழிலாளி, பாதி நிறுவனம். அக்கா கட்டும் அந்தப் பணம் அவருடைய 54 லட்சத்தில் எங்கும் தெரியாது.

தம்பியின் பி.எஃப். கணக்கில் இருக்கும் பணம் சொத்தாகத் தெரியும். ஆனால் அதோடு ஒட்டிவரும் இபிஎஸ் பென்ஷன் மிகச் சிறியது. அதற்கான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரிலிருந்து மாதம் 15,000 ரூபாய். சம்பளத்தைச் சேவை ஆண்டுகளால் பெருக்கி 70-ஆல் வகுக்கும் சூத்திரப்படி, 35 ஆண்டு வேலை பார்த்தவருக்கு அந்த உச்சவரம்பில் வருவது மாதம் 7,500 ரூபாய். அதை நம்பி யாரும் முதுமையைத் திட்டமிட முடியாது. அதனால்தான் தம்பிக்கு வீடு தேவைப்படுகிறது. அக்காவுக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

சொத்துப் பட்டியல்கள் சொல்லாமல் விடுகிற முக்கியமான விஷயம் இது. அரசு பென்ஷனும், நம்பி இருக்கக்கூடிய வாடகை வீடும், மருத்துவக் காப்பீடும் உறுதியாகக் கிடைக்கும் நாட்டில் மக்கள் தனியாகச் சேர்த்துவைக்க வேண்டிய தேவை குறைகிறது. அங்கே குறைந்த சொத்து என்பது ஏழ்மையாக இருக்க வேண்டியதில்லை. பாதுகாப்பு இல்லாத இடத்தில் அதிகச் சொத்து என்பது வசதியாகவும் இருக்க வேண்டியதில்லை, அது பயத்தின் சேமிப்பாகவும் இருக்கலாம்.

கேள்வி 4: எந்த விலையில்?

வங்கியில் இருக்கும் பணத்துக்கு ஒரே மதிப்புதான். நிலத்துக்கு அப்படியில்லை. தமிழ்நாட்டில் பத்திரப்பதிவுக்கான வழிகாட்டி மதிப்பு ஒன்று, சந்தை விலை வேறொன்று. கேரளத்திலும் அரசின் 'நியாய விலை' ஒன்று, கழக்கூட்டம் பைபாஸ் பக்கத்தில் புரோக்கர் சொல்லும் சென்ட் விலை வேறொன்று. வீட்டுக்காரரையே கேட்டால் மூன்றாவது ஒரு விலை வரும்.

தம்பியின் வீட்டைச் சந்தை விலை 80 லட்சத்துக்குப் பதிலாக, அரசு மதிப்பு 45 லட்சம் என்று எழுதினால் அவருடைய நிகர சொத்து 80-லிருந்து 45 லட்சமாகிவிடும். இப்போது குடும்பக் கணக்கிலேயே அக்கா முன்னால் வந்துவிட்டார். ஒரு செங்கல்கூட நகரவில்லை.

சொத்தில் பெரும்பகுதி நிலமாக இருக்கும் நாடுகளில் இந்தப் பிழை பெரிதாகும். இந்தியா அப்படிப்பட்ட நாடு. தருண் ராமதுரை தலைமையில் ரிசர்வ் வங்கி அமைத்த குடும்ப நிதிக் குழுவின் 2017 அறிக்கைப்படி, சராசரி இந்தியக் குடும்பத்தின் சொத்தில் 77 சதவீதம் நிலமும் வீடும். 11 சதவீதம் தங்கம். 7 சதவீதம் வாகனம், வீட்டுப் பொருட்கள் போன்றவை. வங்கி டெபாசிட், பங்கு, இன்சூரன்ஸ், பென்ஷன் என்று நிதிச் சொத்து எல்லாம் சேர்ந்து வெறும் 5 சதவீதம்.

கேள்வி 5: எந்தப் பணத்துக்கு மாற்றினார்கள்?

உலகப் பட்டியல்கள் பெரும்பாலும் டாலரில் இருக்கும். 2013 தொடக்கத்தில் ஒரு டாலர் சுமார் 55 ரூபாய். 2022 இறுதியில் சுமார் 83 ரூபாய். ஒரு கோடி ரூபாய் வீடு 2013-ல் 1.82 லட்சம் டாலர், 2022-ல் 1.20 லட்சம் டாலர். ரூபாயில் ஒரு பைசா குறையாமலேயே டாலர் பட்டியலில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போய்விடும்.

உள்ளூர் விலைவாசியைக் கணக்கில் எடுத்து மாற்றும் முறையும் உண்டு. வாங்கும் திறன் சமநிலை என்பார்கள். உலக வங்கி ஒருங்கிணைத்த 2017 ஒப்பீட்டில், சந்தையில் ஒரு டாலர் 65.12 ரூபாயாக இருந்தபோது, அமெரிக்காவில் ஒரு டாலருக்குக் கிடைப்பதை இந்தியாவில் வாங்க 20.65 ரூபாய் போதும் என்று கணக்கிட்டார்கள்.

நம் சர்வேயில் நகர்ப்புறக் குடும்பத்தின் சராசரி சொத்து 27,17,081 ரூபாய். சராசரிக் கடன் 1,20,336 ரூபாயைக் கழித்தால் சுமார் 26 லட்சம். மேலே சொன்ன இரண்டு விகிதங்களிலும் மாற்றிப் பார்த்தால், முதல் முறையில் ஏறக்குறைய 40,000 டாலர், இரண்டாவதில் ஏறக்குறைய 1.26 லட்சம் டாலர். மூன்று மடங்கு வித்தியாசம்.

எது சரி? எதற்காகக் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மார்த்தாண்டத்திலேயே வாழ்ந்து செலவழிக்கப் போகிறவருக்கு வாங்கும் திறன் கணக்கு பொருத்தம். பிள்ளையை வெளிநாட்டில் படிக்கவைக்க வீட்டை விற்பவருக்குச் சந்தை விகிதம்தான் நிஜம். கல்லூரி, ஃபீஸை யூரோவில்தான் கேட்கும்.

கேள்வி 6: யார் விட்டுப்போனார்கள்?

பெரும் பணக்காரர்கள் சர்வேக்காரருக்குக் கதவு திறப்பது அபூர்வம், திறந்தாலும் எல்லாவற்றையும் சொல்வது அதைவிட அபூர்வம். அமெரிக்க சர்வே இதற்காக வரித் தகவல்களை வைத்துப் பணக்காரக் குடும்பங்களைக் கூடுதலாகத் தேர்ந்தெடுக்கிறது. அப்படியும், ஃபோர்ப்ஸ் 400 பட்டியலில் இருப்பவர்களைச் சேர்ப்பதில்லை.

இந்தியாவில் சொத்து பற்றிய வரித் தகவலே குறைவு. மரணத்துக்குப் பின் சொத்து கைமாறும்போது விதிக்கப்பட்ட எஸ்டேட் வரி 1985-ல் நீக்கப்பட்டது. செல்வ வரி 2015 பட்ஜெட்டில் நீக்கப்பட்டது. வரி வேண்டுமா வேண்டாமா என்பது தனி விவாதம். ஆனால் அதோடு சேர்ந்து தகவலும் போய்விட்டது.

விளைவைப் பாருங்கள். 2019 சர்வேயில் நகர்ப்புறத்தின் உச்சியில் உள்ள 10 சதவீதக் குடும்பங்களிடம் 55.7 சதவீதச் சொத்து, கிராமப்புறத்தில் 50.8 சதவீதம். நிதின் குமார் பாரதி, லூகா ஷான்செல், தாமஸ் பிக்கெட்டி, அன்மோல் சோமாஞ்சி ஆகியோர் 2024 மார்ச்சில் வெளியிட்ட ஆய்வு, இதே சர்வேக்களோடு கோடீஸ்வரர் பட்டியலையும் இணைத்தது. அதன்படி 2022-23-ல் உச்ச 10 சதவீதத்தினரிடம் சுமார் 65 சதவீதம், அதிலும் உச்ச 1 சதவீதத்தினரிடம் மட்டும் 40.1 சதவீதம். ஆண்டும் அலகும் வேறு என்பதால் இரண்டையும் அப்படியே கழித்துப் பார்க்க முடியாது. ஆனாலும் சர்வே மட்டும் பார்த்தால் உச்சி குட்டையாகத் தெரியும் என்பது புரியும்.

விட்டுப்போகிறவர்கள் பணக்காரர் மட்டுமல்ல. கேரளத்தின் பூட்டிய வீடுகளை நினைத்துப் பாருங்கள். கேரள புலம்பெயர்வு சர்வே 2023-ன்படி, வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் சுமார் 22 லட்சம். அந்த ஆண்டு அவர்கள் அனுப்பிய பணம் 2,16,893 கோடி ரூபாய். அதில் ஒரு பகுதி வீடாக நிற்கிறது. குடும்பமே துபாயில் இருந்தால், கதவைத் தட்டும் சர்வேக்காரருக்குப் பதில் சொல்ல ஆளில்லை. வீடு இங்கே, உரிமையாளர் அங்கே. இரண்டு நாட்டுக் கணக்கிலும் அது நழுவிப்போகலாம்.

அப்படியானால் ஒப்பிடவே கூடாதா?

ஒப்பிடலாம், ஒப்பிடத்தான் வேண்டும். 2013-ல் ஓஇசிடி அமைப்பு குடும்பச் சொத்து சர்வேக்களுக்கு வழிகாட்டி விதிகளை வெளியிட்டதே ஒப்பிட முடிய வேண்டும் என்பதற்காகத்தான். லக்சம்பர்க் சொத்து ஆய்வு என்ற தரவுத்தளம், பல நாட்டு சர்வேக்களை ஒரே வரையறைக்குள் கொண்டுவந்து தருகிறது. எல்லா நாட்டுக்கும் ஒரே அலகு, ஒரே பட்டியல், ஏறக்குறைய ஒரே காலம் என்று இருந்தால் ஒப்பீடு அர்த்தமுள்ளது.

ஆனால் எந்த நாடு எத்தனையாவது இடம் என்பதைவிட, ஒரு நாட்டின் சொத்து எதனால் ஆனது, யாரிடம் இருக்கிறது, எவ்வளவு கடன் மேல் நிற்கிறது என்ற மூன்றும் நமக்கு அதிகம் சொல்லும்.

கேரளமே நல்ல உதாரணம். 2019 சர்வேயில் நகர்ப்புறக் குடும்பங்களில் கடன் உள்ளவர்களின் விகிதம் மாநிலங்களிலேயே கேரளத்தில்தான் அதிகம்: 47.8 சதவீதம். நாடு முழுவதற்கும் அது 22.4 சதவீதம். கிராமப்புறக் குடும்பத்தின் சராசரிக் கடனிலும் கேரளம்தான் முதல், சுமார் 2.4 லட்சம் ரூபாய். நாடு முழுவதற்கும் 59,748 ரூபாய். இதை வைத்து 'கேரளம் கடனில் மூழ்கிவிட்டது' என்று தலைப்பு போட்டுவிடலாம். ஆனால் வங்கி எல்லோருக்கும் கடன் தராது. அடமானம் வைக்க வீடும் நகையும், திருப்பிக் கட்ட வருமானமும் இருப்பவருக்குத்தான் தரும். அதிகக் கடன் சில நேரம் வங்கி எட்டும் தூரத்தில் இருக்கிறது என்பதன் அடையாளம். சில நேரம் நெருக்கடியின் அடையாளம். எதிரே உள்ள சொத்தையும் வருமானத்தையும் பார்க்காமல் எது என்று சொல்ல முடியாது.

யாரிடம் இருக்கிறது என்ற கேள்விக்கும் ஒரு எண். நகர்ப்புற இந்தியாவின் கீழ்ப்பாதிக் குடும்பங்களிடம் மொத்தச் சொத்தில் 6.2 சதவீதம்தான். சராசரி 27 லட்சம் என்றால், கீழ்ப்பாதியில் ஒரு குடும்பத்துக்கு வருவது ஏறக்குறைய 3.4 லட்சம் ரூபாய். ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு இதில் பாதியை விழுங்கிவிடும். டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் எழுபதாயிரத்துக்கும் அதிகமானோரில் பலர் 'நாம மிடில் கிளாஸ்தானே' என்று சொல்லிக்கொள்வோம். இந்த எண்ணைப் பார்த்தபின் அந்த வார்த்தையை ஒருமுறை யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மறுபடியும் அக்கா, தம்பி

இத்தனைக்கும் பிறகு யார் பணக்காரர்? குடும்பக் கணக்கில், சந்தை விலையில் தம்பி. ஆள் கணக்கில் அக்கா. அரசு மதிப்பில் அக்கா. பென்ஷனைச் சேர்த்தால் அக்காவின் பக்கம் தட்டு இன்னும் சாயும். மாத வாடகையை நினைத்தால் தம்பியின் பக்கம் கொஞ்சம் திரும்பும்.

இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது, எந்த உலகப் பட்டியலிலும் வராதது. நாளைக்கே அப்பாவுக்கு ஒரு பெரிய ஆபரேஷன் என்றால் ஒரு வாரத்தில் யாரால் எவ்வளவு பணம் புரட்ட முடியும்? அக்காவால் 54 லட்சத்தில் பெரும்பகுதியை எடுக்க முடியும். தம்பியால், நகையையும் முதலீட்டையும் முழுசாகத் தொட்டாலே 25 லட்சம், அதிலும் பி.எஃப். பணத்தை நினைத்ததும் முழுதாக எடுக்க முடியாது. மேல்மாடியை உடைத்துச் செங்கல் செங்கலாக விற்க முடியாதே.

அடுத்த முறை 'உலகின் பணக்கார நாடுகள்' என்று ஒரு படம் குரூப்பில் வரும்போது இதைப் பாருங்கள்: குடும்பத்துக்கா ஆளுக்கா, சராசரியா இடைநிலையா, பென்ஷன் உள்ளே இருக்கிறதா, நிலத்துக்கு எந்த விலை, எந்தப் பணத்தில், யார் விட்டுப்போனார்கள். ஆறில் மூன்றுக்குக்கூட அந்தப் படத்தில் பதில் இல்லையென்றால், அதை வைத்து வேலையை விடுவதோ, நிலத்தை விற்பதோ, நம் நாட்டைத் திட்டுவதோ புகழ்வதோ வேண்டாம்.

அதே ஆறு கேள்விகளை உங்கள் வீட்டுக் கணக்கிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள். எந்த நாட்டோடும் ஒப்பிட வேண்டாம். மொத்தத்தில் எத்தனை சதவீதம் நிலமும் வீடும், எத்தனை சதவீதம் ஒரு வாரத்தில் கைக்கு வரும் என்று மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். 77-க்கு 5 என்ற அந்த இந்தியச் சராசரிக்கு நீங்கள் எவ்வளவு பக்கத்தில் நிற்கிறீர்கள் என்பது தெரிந்துவிடும்.